கள்ள எடை

ஆம்பூர்,
1935 மே மாதம்.

அன்பு மகன் நயீம் அகமதுக்கு உன் அம்மா ஹலீமா பீ சொல்லும் சலாமும் துஆவும். இங்கே நானும் உன் தங்கை பில்கிஸும் நலம் என்று எழுதக் கை வரவில்லை, உயிரோடு இருக்கிறோம் என்று எழுதுகிறேன், அதற்கே அல்லாஹ்வுக்கு ஆயிரம் தடவை நன்றி சொல்ல வேண்டும். ரங்கூனில் நீயும் கடையில் உன்னோடு இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, வலது கை நடுவிரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, அது உன் தங்கையின் மாமியார் முனவ்வர் பேகம் திருகின விரல். பதிலுக்கு நான் அவள் முன்கையைக் கடித்தேன், தழும்பு அவள் கபருக்குப் போகும்வரை இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் போன வாரம் வந்தது. ரங்கூன் கவர் என்று தெரிந்ததும் வாசலுக்கு ஓடிப்போய் வாங்கினேன், படித்து முடித்ததும் அடுப்பில் போட்டேன். உன் தோஸ்த், உன் தங்கை புருஷன் ரஃபி அகமது உனக்கு எழுதினானாம், உன் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, பட்டப்பகலில் தோல் மண்டிக்குள் புகுந்து என் தோள் எலும்பை உடைத்துவிட்டு என் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று. நீயும் அதை அப்படியே நம்பி, அம்மா, நீங்கள் போய் மன்னிப்புக் கேளுங்கள், பில்கிஸை அனுப்பிவையுங்கள், அவ்வளவு கனத்துப்போன பெண்ணைத் தள்ளிவைக்காமல் இருக்கிறானே, அவன் பெரிய மனசுக்காரன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுதும்போது நீ என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது உன் அதிர்ஷ்டம். எட்டியிருந்தால் உன் பல்லைப் பெயர்த்து உன் கையிலேயே கொடுத்திருப்பேன். ரஃபி எழுதினதில் எலும்பை உடைத்தது நான்தான் என்பது நிஜம், அதை நான் மறைக்கவில்லை. மற்றதை நான் சொல்கிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி. உன் பதிலில்தான் இப்போது உன் தங்கையின் உயிர் இருக்கிறது, அது எப்படி என்பதையும் சொல்கிறேன்.

நீ கப்பல் ஏறும்போது அவள் புதுப்பெண், கையில் மருதாணி மங்கக்கூட இல்லை. உன் தோஸ்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய், தோல் மண்டி வீடு, உள்ளூர் சம்பந்தம், இரண்டு தெரு தள்ளி என்று நானும் ஒத்துக்கொண்டேன். அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குத் தாகம் பிடித்தது. சொம்பு சொம்பாகக் குடித்தாள், குடித்ததெல்லாம் கொல்லைக்குப் போனது, போன இடத்தில் எறும்பு மொய்த்தது. சாப்பிட்டாள், சாப்பிடச் சாப்பிட இளைத்தாள். தோள் எலும்பில் ரவிக்கை மாட்டின மாதிரி ஆகிவிட்டாள். அப்போது உன் பெரிய மனசுக்காரன் என்ன செய்தான் தெரியுமா, பொறந்த வூட்ல இருந்து ஒடம்ப தேத்திக்கினு வரட்டும் என்று சொல்லி ஜட்காவில் ஏற்றி என் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். தேறட்டும் என்று வாயால் சொன்னான், அந்த வீட்டில் அவள் சாகக்கூடாது என்பதுதான் கணக்கு. நான் அவளை வேலூருக்குக் கொண்டுபோய் ராமமூர்த்தி டாக்டரிடம் காட்டினேன். அவர்தான் சர்க்கரை வியாதி என்று சொல்லி, இன்சுலின் என்று ஒரு மருந்து வந்திருக்கிறது, வாயால் குடிக்கிற மருந்து இல்லை, காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியில் ஏற்ற வேண்டும், ஆயுசு முழுக்க ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். ஊசியைக் கொதிக்கவைப்பதும் தொடைச் சதையைக் கிள்ளித் தூக்கிக் குத்துவதும் எப்படி என்று அவரிடம் நர்ஸாக இருக்கும் அமிர்தவள்ளி எனக்குக் கற்றுக்கொடுத்தாள். அந்தக் காலில் கிள்ளுவதற்குச் சதையே இல்லை நயீம், வெறும் தோல்தான் கையில் வந்தது. முதல் தடவை குத்தினபோது அழுதது நான், அவள் இல்லை.

ஊசி போட ஆரம்பித்த பிறகு நடந்ததை நீ கண்ணால் பார்த்திருக்க வேண்டும். தாகம் நின்றது, கன்னம் வந்தது, உதிர்ந்த முடி மறுபடி முளைத்தது. மூத்திரத்தை ஒரு நீல மருந்தில் விட்டு விளக்கில் சூடு காட்டிப் பார்க்கச் சொன்னார் டாக்டர், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாக மாறும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். அது நீலமாக நின்ற முதல் நாள் தெருவில் எல்லோருக்கும் பாயசம் கொடுத்தேன், அவளுக்குக் கொடுக்கவில்லை. பெண் பார்க்க லட்சணமாக ஆனதும் ரஃபிக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டது, மறுபடி அதே ஜட்காவில் வந்து கூட்டிக்கொண்டு போனான். நான் காலையும் மாலையும் அவர்கள் வீட்டுக்கே நடந்துபோய் ஊசி போட்டுவிட்டு வந்தேன். அங்கே மாமியார்க்காரி என்ன செய்தாள், ஊசிதான் போட்றாளே, இனிமே இன்னா பயம், சாப்டு சாப்டு என்று ஃபிர்னியும் அல்வாவும் ஊட்டினாள். இடையில் ஒரு நாள் சோறு வர நேரமாகி இவளுக்குக் கை நடுங்கி வியர்த்து மயக்கம் வந்துவிட்டது, சர்க்கரை கொடுத்ததும் தெளிந்தது, அந்தப் பயத்தில் இவளும் பசிக்கிறதோ இல்லையோ எதையாவது வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள். வெளியே விடுவதில்லை, மண்டிக்கு மேலே அந்த மாடியே கதி என்று உட்கார்ந்தே இருந்தாள். உடம்பு ஏறிற்று. வந்த சதை போதும் என்ற அளவைத் தாண்டியும் ஏறிற்று, வளையல் இறுகி வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

நானே பயந்துபோய் டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரித்தார். இத்தன நாளா சாப்ட்டது அத்தனையும் மூத்திரத்துல போய்ட்டிருந்துதும்மா, ஒடம்பு தன்னையே தின்னுட்டு இருந்துது, இப்ப ஊசி அத நிறுத்திடுச்சு, சாப்டறது ஒட்டுது, அவ்ளோதான், தட்டுல கம்மி பண்ணுங்க, நடக்கச் சொல்லுங்க, ஊசியில மட்டும் என்னக் கேக்காம கைய வைக்காதீங்க என்றார். அதை நான் ரஃபியின் முகத்துக்கு நேராக, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு மண்டிக்குப் போய் அவன் தொழில் புத்தியில் யோசித்திருக்கிறான். தோல் வியாபாரத்தில் திருட்டுப்பயல்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியாததா, உப்பை அப்பித் தண்ணீர் தெளித்து எடையை ஏற்றிக்கொண்டு வருவார்கள், மண்டிக்காரன் அதை உதறிக் காயப்போட்டு நிஜ எடை என்ன என்று பார்ப்பான். உன் தோஸ்த் தன் பெண்டாட்டியையும் அப்படித்தான் பார்த்தான். உப்பும் தண்ணியும் ஏத்துன தோலு கணக்கா இருக்கறா, இது ஊசி ஏத்துன கள்ள எடை, காயப்போட்டா தானா எறங்கிடும் என்று சொல்லியிருக்கிறான். அவன் அம்மாவும் ஆமாம் போட்டாள். ஊர்ப் பையன்கள் மண்டி வாசலில், ரஃபி பாய் சரக்கையெல்லாம் மாடியில ஏத்திட்டாரு என்று கேலி பேசினார்களாம், அது அவனுக்குப் பொறுக்கவில்லையாம். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் உன் தங்கையை மண்டித் தராசில், தோல் கட்டு வைக்கிற அந்த நாற்றம் பிடித்த பலகையில் உட்காரவைத்து எடை பார்த்திருக்கிறார்கள். என்னிடம் அவள் சொல்லவே இல்லை. மானம் போகிறது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பக்ரீத் முடிந்த வாரம்தான் இது நடந்தது. நான் வழக்கம்போல் காலையில் ஊசிப் பெட்டியோடு போனேன், முனவ்வர் பேகம் வாசலிலேயே நின்றுகொண்டு, பில்கிஸ் வாணியம்பாடில கல்யாணத்துக்குப் போய்ட்டா, அங்க கம்பவுண்டர் ஒருத்தர் ஊசி போட்டுடுவாரு, மருந்து சீசாவக் குடுங்க, ஆள்கிட்ட அனுப்பிட்றேன் என்று தேன் ஒழுகப் பேசினாள். நானும் கொடுத்துவிட்டு வந்தேன். பேமானி, அந்தச் சீசாவை அன்றைக்கே சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். பில்கிஸ் மாடியில்தான் இருந்தாள். ஊசியை நிறுத்த முதல் நாள் அவளும் ஒத்துக்கொண்டாளாம், ஏன் தெரியுமா, எடை இறங்கினால் பழையபடி உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று அவன் சொன்னானாம். நாலு மாதமாக அவன் அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லையாம். மறுநாளே தாகம் வந்துவிட்டது, வாந்தி வந்துவிட்டது, ஊசி வேண்டும், அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள், கதவைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர் கொடுத்தால் எடை ஏறிவிடும் என்று தண்ணீரையும் நிறுத்தினார்கள். நயீம், இந்த இடத்தை இன்னொரு தடவை படி. தண்ணீரை நிறுத்தினார்கள். காலையில் கீழே இறக்கித் தராசில் வைத்துப் பார்த்தால் எடை நிஜமாகவே இறங்கியிருக்கிறது, இறங்காமல் என்ன செய்யும், உயிரே ஒழுகிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து அந்த இரண்டு பேரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். பாத்தியா, நான் சொன்னேன் இல்ல, கள்ள எடை எறங்குது என்று அவன் கல்லை மாற்றி மாற்றி வைத்துக் காட்டினானாம்.

எனக்கு வந்து சொன்னது மண்டியில் தோலுக்கு உப்புப் போடுகிற முனியம்மா. கையெல்லாம் உப்போடு ஓடி வந்தாள். பீயம்மா, இன்னா நீங்க இங்க குந்திட்டு இருக்கீங்க, ஒங்க பொண்ணு எந்தக் கல்யாணத்துக்கும் போவல, மாடில போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க, நேத்து வரைக்கும் தண்ணி தண்ணின்னு கத்துச்சு, இன்னிக்கு ரெண்டு பேரு புடிச்சு தராசுல ஒக்கார வச்சாங்க, தலை நிக்கல, கத்தக்கூட இல்ல, மூச்சு மட்டும் கொல்லன் துருத்தி கணக்கா வாங்குது என்றாள். வீட்டில் இன்னொரு சீசா வைத்திருந்தேன், தண்ணீர்ப் பானைக்குள் குளிர்ச்சியாக. அதையும் ஊசியையும் மடியில் கட்டிக்கொண்டு ஓடினேன். துப்பட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. உன் அத்தா போன பிறகு வெயில் படாமல் இருந்த தலை ஆம்பூர் கடைத்தெரு பூராவும் வெட்டவெளியில் போயிற்று, அதற்கு இன்றுவரை எனக்கு வெட்கம் வரவில்லை.

மண்டிக்குள் பக்ரீத் தோல் கூரைவரை குவிந்து கிடந்தது, தரையெல்லாம் உப்பும் ரத்தமும். மாடிப்படி அடியில் ரஃபி நின்றான். இன்னா மாமி, தலையில துணி இல்லாம என்று ஆரம்பித்தான். சாவி எங்கே என்றேன். அவ நல்லாத்தான் இருக்கா, ரெண்டு நாள் பொறுங்க, அழகா எறங்கிட்டு வருது என்று இரண்டு கையையும் விரித்துப் படியை மறைத்தான். தராசுத் தட்டில் இரண்டு வீசைக் கல் இருந்தது, அன்றைக்குக் காலையில் என் மகளுக்கு எதிர்த்தட்டில் வைத்த கல். எடுத்து அடித்தேன். தலைக்குத்தான் குறி வைத்தேன், அவன் நகர்ந்தான், தோளில் விழுந்தது. எலும்பு போன சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு தோல் குவியல் மேல் விழுந்தான், குவியல் சரிந்து அவனையே மூடிற்று, அவன் மேல் காலை வைத்துத்தான் படி ஏறினேன். முனவ்வர் பேகம் பின்னால் வந்து என் கொண்டையைப் பிடித்து இழுத்தாள், விரலைத் திருகினாள், நான் திரும்பி வாய்க்கு அகப்பட்டதைக் கடித்தேன், பிறகு அவள் முகத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தி, சாவி, சாவி என்று கத்தினேன். அவள் கொடுக்கவில்லை. அதே கல்லால் பூட்டை அடித்தேன். பூட்டு உடையவில்லை, கதவுதான் பிளந்தது.

உள்ளே என் மகள் தரையில் கிடந்தாள். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வாயில் அழுகின பழ வாசனை அடித்தது, டாக்டர் அந்த வாசனையைப் பற்றி முன்பே சொல்லியிருந்தார், அது வந்தால் நேரம் இல்லை என்று. அந்த விரலோடுதான் மருந்தை ஏற்றிக் குத்தினேன், கொதிக்கவைக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. வாய்க்குள் தண்ணீர் விட்டேன், கடைவாயில் வழிந்தது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கீழே கூட்டம் கூடிவிட்டது, ஒருத்தன் கிட்டே வரவில்லை, என் இன்னொரு கையில் கல் இருந்தது. ரோட்டில் ராணிப்பேட்டைக்குத் தோல் ஏற்றிப் போகிற லாரி ஒன்று வந்தது, நடுரோட்டில் போய் நின்றேன், ஏத்திட்டுப் போறியா, இல்ல எம்மேல ஏத்திட்டுப் போறியா என்று கேட்டேன். ஓட்டுகிறவன் பேர் தனகோடி, மவராசன், ஒரு கேள்வி கேட்கவில்லை. தோலு நாத்தம் தாங்குவீங்களா தாயே என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் பக்கத்தில் எங்களை உட்காரவைத்து வேலூருக்கு ஓட்டினான், வழியில் மாட்டுவண்டிகளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினான். அவனுக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன், நீயும் கேள்.

ராமமூர்த்தி டாக்டர் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. மேலே மேலே ஊசி போட்டார். பிறகு பெரிய கண்ணாடி ஜாடியைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு அதிலிருந்து குழாய் வழியாக உடம்புக்குள் ஏதோ ஏற்றினார்கள். அது என்ன என்று அமிர்தவள்ளியைக் கேட்டேன். உப்புத் தண்ணி பீயம்மா, ஒடம்புல தண்ணியே இல்ல, உப்பும் இல்ல, அதான் ஏத்தறோம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது நயீம், ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தேன், அவள் எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்தாள். எந்த உப்பையும் தண்ணீரையும் காயவைத்து எடுக்கிறேன் என்று அந்தப் பாவிகள் என் பெண்ணைக் கொன்றார்களோ, அதே உப்பையும் தண்ணீரையும் ஜாடி ஜாடியாக ஏற்றித்தான் அவளைத் திருப்பிக் கொடுத்தார்கள். சிரித்த பிறகு அழுதேன், சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதேன். மறுநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து அம்மா என்றாள்.

ஊருக்குத் திரும்பினதும் ரஃபி தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு ஜமாத்தில் பிராது வைத்தான். ஜமாத்துக்குத் தலைவரான முத்தவல்லி மஹபூப் பாஷா எல்லோரையும் கூப்பிட்டார். நாங்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். முனவ்வர் பேகம், அந்த மருந்து அபின் மாதிரி, உட்டா ஆளைக் கொல்லுது, போட்டா ஊத வைக்குது, அத நிறுத்த நெனச்சது தப்பா என்று அழுதாள். ரஃபியோ, நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், பில்கிஸ் திரும்பி வர வேண்டும், வந்தால் ஊசி விஷயத்தில் அவன் அம்மா சொல்வதுதான் சட்டம் என்றான். எனக்கு முன்னால் பில்கிஸ் பேசினாள். நான் போவ மாட்டேன், என் மஹர் பணத்த அவங்களே வச்சுக்கட்டும், எனக்கு குலா குடுத்து உறவ முறிச்சு உட்டுடச் சொல்லுங்க என்று திரை ஆடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். முத்தவல்லி காது கேட்காதவர் மாதிரி தாடியைத் தடவிக்கொண்டு, பொம்பளைங்க கோவத்துல பேசறாங்க, அத்தா இல்லாத பொண்ணு, அண்ணன் ரங்கூன்ல இருக்கான், அவன் இன்னா சொல்றானோ அதுதான் ஜமாத் தீர்ப்பு என்று எழுந்துவிட்டார். ரஃபி சிரித்தான். நீ அவன் தோஸ்த் அல்லவா, நீ என்ன சொல்வாய் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் எனக்கு முன்னால் அவன் உனக்கு எழுதினான். இப்போது புரிகிறதா, நான் அடுப்பில் போட்ட அந்தக் கடிதத்தை நீ முத்தவல்லிக்கு எழுதியிருந்தால் இந்நேரம் உன் தங்கை அந்த மாடியில் இருந்திருப்பாள். அனுப்பு என்று நீ சொன்னால் அவளை அனுப்புவது புருஷன் வீட்டுக்கு இல்லை, கபருஸ்தானுக்கு.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஊசியைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள், இனி யாரும் அவளுக்கும் சீசாவுக்கும் நடுவில் வர முடியாது. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு இரண்டு பேரும் பாலாற்று மணலில் நடக்கிறோம், மணலில் கால் புதையப் புதைய நடந்தால் நல்லதாம். சோறு ஒரு கிண்ணத்துக்கு மேல் இல்லை, ராகியும் கீரையும் ஜாஸ்தி, பிரியாணி என்றால் ஒரு கை அள்ளல், அதையும் சோற்றுக் கணக்கில் கழித்துவிடுவாள், அல்வாவின் பேச்சே இல்லை. மடியில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் முடிந்து வைத்திருக்கிறாள், கை நடுங்கினால் மட்டும் வாயில் போடுவதற்கு. வேண்டாத சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, டாக்டர் அவசரம் வேண்டாம் என்கிறார், எங்களுக்கும் அவசரம் இல்லை. உனக்கும் ஒன்று சொல்கிறேன், இது ஒரே ரத்தம், உனக்குத் தாகம் ஜாஸ்தியாக இருந்தாலோ கொல்லைக்கு அடிக்கடி போனாலோ அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் மூத்திரத்தைக் காட்டு, சும்மா இருந்துவிடாதே. ரங்கூன் டீக்கடையில் சர்க்கரையை அள்ளிப் போடுவார்களாம், கம்மி செய்துகொள். கடைத்தெருவில் அடிதடி வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இரு, இந்தக் குடும்பத்துக்கு அடிதடிக்கு நான் ஒருத்தி போதும்.

கனத்துப்போன பெண் என்று எழுதினாயே, அவள் எடை எனக்குத்தான் தெரியும், ரஃபிக்குத் தெரியாது, அவன் தராசுக்குத் தெரியாது. அன்றைக்கு மாடியிலிருந்து தோளில் போட்டு இறக்கினபோது அவளுக்கு எடையே இல்லை. முதல் படியில் நான் தடுமாறினது அவள் கனத்தால் இல்லை, கனம் இருக்கும் என்று நினைத்துக் காலை ஊன்றினேன், ஒன்றுமே இல்லை, அதில் தடுமாறினேன். காய்ந்த ஆட்டுத்தோல் ஒன்றைத் தூக்கின மாதிரி இருந்தது. இப்போது அவள் உட்கார்ந்தால் உன் அத்தாவின் பழைய கட்டில் கிறீச்சென்று சத்தம் போடுகிறது, ஆசாரியைக் கூப்பிட்டுச் சரிசெய்யட்டுமா என்று அவளே கேட்டாள், கட்டிலில் கையை வைத்தால் ஆசாரியின் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். சமையல்கட்டில் இருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு குளிர்கிறது.

நான் இதை எழுத உட்கார்ந்தபோது, அண்ணனுக்கு என்ன எழுதட்டும் என்று பில்கிஸைக் கேட்டேன். ஊசியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, நீ எழுதறதெல்லாம் எழுது, எம் பேரைச் சொல்லி ஒண்ணே ஒண்ணு எழுது, நான் தண்ணி கேட்டேன், அவரு கீழ நின்னு கேட்டுக்கினே இருந்தாரு, குடுக்கல, அத மட்டும் எழுது, அண்ணனுக்கு அது போதும் என்றாள். எழுதிவிட்டேன். போதுமா போதாதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் கொடுக்கட்டும், இரண்டில் ஒன்றுதான் கொடுப்பான் என்றால் புத்தியைக் கொடுக்கட்டும். கடல் கடந்து இருக்கிற பிள்ளை காலில் முள் தைக்காமல் வீடு வந்து சேரட்டும். முத்தவல்லி மஹபூப் பாஷா பேருக்குத் தந்தி அடி, கடிதம் வரும்வரை காத்திருக்க முடியாது, நீட்டி முழக்க வேண்டாம், அனுப்பமாட்டோம் என்ற ஒரு வார்த்தை போதும். மறக்காதே. வேறு எதையாவது அடித்துவிட்டு ஊருக்கு வருவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. அந்த இரண்டு வீசைக் கல்லைக் கேட்டு மண்டியிலிருந்து ஆள் வந்தான், நான் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்து வாசற்கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் ஒரே வயிற்றில் சுமந்த அம்மா,
ஹலீமா பீ